கலனின் அடியில் இருந்த முக்கோணம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு,

பையை எப்படிக் கட்டுவது, எந்த நிறப் பெட்டிக்குள் எது போகும், கையுறையைக் கையில் அழுக்குப் படாமல் எப்படிக் கழற்றுவது, இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் இரண்டே நாளில் காட்டிவிடுவார்கள். அதை நான் திரும்பச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. இத்தாலியின் பலெர்மோவில் இருபத்தாறு வருடம் குப்பையோடு கிடந்துவிட்டு ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவன் நான். “புதுசா வந்த பிள்ளையளுக்கு நல்லதா நாலு விசயம் எழுதித் தாங்கோ அண்ணை” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நல்லதாக நாலு விசயம் என்னிடம் இல்லை. கெட்டதாக ஒன்று இருக்கிறது, நான் செய்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் பத்து வருடம் மொண்டெல்லோக் கடற்கரையில் வேலை. கோடையில் அங்கே சனம் விட்டுப் போகும் குப்பையைப் பார்த்தால் தலை சுற்றும். காலை எட்டு மணிக்கு முதல் கூட்டம் குடையோடு வந்து இறங்கும்போது மணலில் ஒரு ஐஸ்கிறீம் குச்சிகூடக் கிடக்கக் கூடாது. நானும் என் ஆட்களும் கிடக்க விட்டதில்லை. குப்பை என்பது கண்ணில் படுவதற்கு முன் காணாமல் போகவேண்டிய ஒன்று என்று என் மண்டைக்குள் ஏறியது அங்கேதான். அதில் கெட்டிக்காரன் என்று பெயரும் எடுத்தேன். அந்தக் கெட்டித்தனம்தான் பிறகு ஒருவனைக் கொல்லப் பார்த்தது.

பல வருடம் கழித்து, பலெர்மோவின் ஓரத்தில் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற ஊருக்கு மேலே, மலையடிவாரத்தில், ஒரு சுரங்கப்பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. வேலைக்காரர்கள் தங்குவதற்குக் கொன்டெய்னர்களை வரிசையாக வைத்து முகாம் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு கட்டில். வங்காளிகள், ஆபிரிக்கர், ருமேனியர் என்று எண்பது பேர் வரை இருந்தார்கள். எங்கள் தமிழ் ஆட்கள் பதினொரு பேர். முகாமின் குப்பை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி மூன்றுக்கும் நான் மேற்பார்வை.

முகாமில் பொதுச் சமையல் உண்டு. ஆனால் பாஸ்தாவை எத்தனை நாளைக்குத் தின்பது? எங்கள் பதினொரு பேருக்கும் தனியாகச் சோறு கறி ஆக்கியவர் சூசை. மன்னார்க்காரர், மீன்பிடிக் குடும்பம், வாயைத் திறந்தால் பகிடி. மத்தியானம் நானும் அங்கேதான் சாப்பிடுவேன். அந்த முகாமைச் சுற்றி எலுமிச்சைத் தோட்டங்கள். மரத்தின் கீழே உள்ளங்கை நிறையும் அளவில் பழங்கள் உதிர்ந்து கிடக்கும். ஒருநாள் சூசை ஒரு கூடை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

“தேசிக்காய் ஊறுகாய் போடப்போறன் அண்ணை. போட்டு வைக்கத்தான் ஒரு நல்ல சாமான் இல்லை. வாய் அகலமா, மூடி இறுக்கமா ஏதும் அம்பிட்டால் கொண்டு வாங்கோ.”

நம்மவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஐஸ்கிறீம் டப்பாவை ஆசையாக எடுத்தால் உள்ளே மீன் இருக்கும். பிஸ்கட் டின்னுக்குள் ஊசி நூல் இருக்கும். நல்ல மூடியுள்ள ஒரு சாமானை எறிய நமக்குக் கை வராது. எனக்கும் வராது. அந்தக் கிழமையே, வீதியோரம் இருந்த ஒரு பூங்கன்றுப் பண்ணையின் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில், பத்து லீற்றர் அளவில் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் கலன் ஒன்று கிடந்தது. வாய் அகலம். மூடி திருகினால் இறுக்கமாகப் பூட்டும். ஒட்டியிருந்த தாள் கிழிந்து போயிருந்தது. அடடா, சூசை கேட்டது இதுதானே என்று எடுத்துக்கொண்டேன். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். முகர்ந்து பார்த்தேன், ஒரு மணமும் இல்லை. சூசையிடம் கொடுத்தபோது கறுப்பு மார்க்கரால் அதில் நானே எழுதியும் விட்டேன்: “ஊறுகாய். ஈரக் கரண்டி போடாதே.”

ஊறுகாய் அருமையாக வந்தது என்றார்கள். எனக்கு அப்போது கடைவாய்ப் பல் வலி, புளி தொட்டாலே உயிர் போகும். அதனால் நான் தொடவில்லை.

மூன்றாம் கிழமை ரூபன் விழுந்தான். முப்பத்துநாலு வயது, கிளிநொச்சிப் பிள்ளை, மனைவியும் மகளும் ஊரில். சோற்றைவிட ஊறுகாயைக் கூடுதலாகத் தின்கிற ஆள். முதலில் வாந்தி, வயிற்றோட்டம். பிறகு உடம்பு முழுக்க வியர்த்து, வாயால் நீர் வடிந்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இன்னும் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகாமில் படுத்திருந்தார்கள். தொற்றா நஞ்சா என்று வைத்தியர்களுக்குப் பிடிபடவில்லை. ரூபன் காலையில் கொஞ்சம் தேறுவான். மத்தியானப் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு மறுபடி மோசமாவான். ஏன் அப்படி என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

இப்படி இரண்டு நாள் போனது. மறுநாள் காலை சுகாதாரப் பரிசோதகர் முகாமுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. முகாமைப் பூட்டினால் பதினொரு பேருக்கும் வேலை போய்விடும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது கேள்விக்குறி. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் நாம் என்ன செய்வோம்? கூட்டுவோம், கழுவுவோம். அதைத்தான் செய்தேன். பின்னேரம் முழுக்க நிலத்தைப் பிளீச் ஊற்றித் தேய்த்தோம். பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தோம். பெயர் ஒட்டாத சாப்பாடு எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே சூசையின் சமையலறையில் இருந்த மிச்சம் மீதி, பொடி, வடகம், ஊறுகாய் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டச் சொன்னேன். காலை ஆறு மணிக்கு லொறி வந்து அள்ளிக்கொண்டு போனது. முகாம் பளிச்சென்று இருந்தது. மொண்டெல்லோக் கெட்டிக்காரன் அல்லவா!

ஒன்பது மணிக்கு அவர் வந்தார். பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. எல்லோரும் “தொத்தோரெஸா”, அதாவது டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இருபது வயது இளமை. குள்ளமான உருவம், ஆண்களின் சப்பாத்து, சத்தமில்லாத பேச்சு. அவர் இத்தாலியனில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

சமையலறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். வெறுமை. கவிழ்த்து வைத்த பெட்டிகளைப் பார்த்தார்.

“யார் கழுவியது?”

“நாங்கள்தான், நேற்றே” என்றேன், பெருமையாக.

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“நான் பார்க்க வந்ததை எல்லாம் கழுவிவிட்டீர்கள்” என்றார். “அந்த மனிதன் என்ன சாப்பிட்டான் என்று இனி எதைப் பார்த்துச் சொல்வது?”

பிள்ளைகளே, அந்த ஒரு கேள்வியில் என் இத்தனை வருட வேலையும் தலைகீழாகப் போனது. நான் அழுக்கை அகற்றினேன் என்று நினைத்திருந்தேன். அவருடைய கண்ணில் நான் சாட்சியை அகற்றியிருந்தேன்.

“குப்பை இப்போது எங்கே?” என்று எழுந்தார்.

சின்ன லொறிகள் கொட்டி, பெரிய லொறிகளுக்கு மாற்றும் ஒரு கொட்டகை நகரின் மறுபக்கம் இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகுதான் பெரிய லொறி கிளம்பும். அவருடைய சின்னக் காரில் போனோம். வழியில் ஒன்று சொன்னார். நூறு வருடத்துக்கு முன் ரயில்பாதை போட்ட வேலைமுகாம்களுக்குப் போன பரிசோதகர்கள் முதலில் குப்பைக் குழியைத்தான் போய்ப் பார்ப்பார்களாம், அவர் படித்தபோது சொல்லிக்கொடுத்தது. “சமையலறையைத் துடைத்து வைப்பார்கள், கட்டிலுக்குப் புது விரிப்புப் போடுவார்கள். குழியை மட்டும் யாரும் சோடிப்பதில்லை” என்றார். அதையும் சோடித்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

கொட்டகைக்குள் போனால், அம்மாடி! ஆள் உயரத்துக்கு மேல் கறுப்புப் பைகள். ஹோட்டல் குப்பை, சந்தைக் குப்பை, எங்கள் குப்பை எல்லாம் ஒரே குவியல்.

“உங்கள் பைகளை அடையாளம் காண முடியுமா?”

முடியும் என்று எனக்கு உடனே பட்டது. முகாமின் பைகளைக் கட்டுவது சூசைதான், அதுவும் மீன்வலை கட்டுகிற முடிச்சில். கத்தி இல்லாமல் அவிழாது. அதற்காக அவரிடம் எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். அன்று அந்த முடிச்சைத் தேடித் தேடி இழுத்தேன். ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது பைகள் கிடைத்தன.

அதன் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? தொத்தோரெஸா ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதில் முழங்காலில் இருந்தார். ஒரு பையை வெட்டி, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். முகம் சுளிக்கவில்லை. ஈ மொய்க்கிறது, வெக்கை, நாற்றம். அவருடைய கை மட்டும் அவசரப்படவே இல்லை.

“இந்த அறையில் ஒருவர் சிகரெட்டை விடப் பார்க்கிறார்” என்றார். பாதியில் நசுக்கிய சிகரெட்டுகளும் அள்ளுகொள்ளையாக இனிப்புத் தாள்களும் கிடந்தன. உண்மைதான், ஒரு வங்காளித் தம்பி விட்டுக்கொண்டிருந்தான். “இங்கே ஒருவருக்குப் பல் வலி. பாணின் கரையை விட்டுவிட்டு நடுவை மட்டும் தின்றிருக்கிறார். கராம்பு வேறு சப்பியிருக்கிறார்.”

“அது நான்” என்றேன்.

சிரித்தார். அன்றைக்கு அந்த ஒரு தரம்தான் சிரித்தார். நான் அவ்வளவு காலமும் தூக்கி எறிந்த ஒவ்வொரு பையிலும் ஒரு ஆளின் சீவியம் இப்படி எழுதிக் கிடந்திருக்கிறது, எனக்கு எழுத்துத்தான் தெரியவில்லை என்று நினைத்தபோது உடம்பு புல்லரித்தது.

பதினோராவது பையில் அந்தக் கலன் வந்தது. அடியில் ஒரு கை அளவு ஊறுகாய் மிச்சம் இருந்தது. அவர் முகரவில்லை. கவனமாகச் சரித்து, அடிப்பக்கத்தைக் கையுறை விரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. என்னைக் கூப்பிட்டு என் விரலையும் அதில் வைத்தார். சின்னதாக, மேடாக, ஒரு முக்கோணம்.

“கண் தெரியாதவர்கள் தடவி அறிந்துகொள்வதற்காக” என்றார். “உள்ளே இருப்பது ஆபத்து என்று அர்த்தம்.”

ஐயோ! கழுவும்போது அது என் கையில் பட்டது. மூன்று தரமும் பட்டது. பிளாஸ்டிக் வார்த்தபோது வந்த பிழை என்று நினைத்தேன். கண் தெரியாதவனுக்குக்கூட விளங்கியிருக்கும், எனக்கு விளங்கவில்லை. சவர்க்காரத்துக்குப் போகாமல் பிளாஸ்டிக்கில் ஊறியிருந்த நஞ்சை, எண்ணெயும் புளியும் மூன்று கிழமையாக உறிஞ்சி எடுத்திருந்தன.

கலனைத் திருப்பி, எழுத்து இருந்த பக்கத்தை எனக்குக் காட்டினார். “இது உங்கள் மொழி. என்ன எழுதியிருக்கிறது?”

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்தக் கொட்டகைக்குள் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். எழுத்து என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. “எண்ணெய்” என்று சொல்லியிருக்கலாம். “யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்” என்று சொல்லியிருக்கலாம். ஓய்வூதியத்துக்கு எனக்கு இரண்டு வருடம்தான் மிச்சம். என் மூத்த மகள் அப்போது பல்கலைக்கழகத்தில். எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் வந்து நின்றது. அவர் அவசரப்படுத்தவில்லை, என் முகத்தைப் பார்த்தபடி முழங்காலிலேயே இருந்தார். எவ்வளவு நேரம் நான் பேசாமல் நின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஐந்து விநாடியோ பத்து விநாடியோ. நான் வெட்கப்படுவது கலனுக்காகக்கூட இல்லை, அந்த விநாடிகளுக்காகத்தான்.

“ஊறுகாய். ஈரக் கரண்டி போடாதே” என்று வாசித்தேன். “எழுதியது நான். கலனைக் கொண்டுவந்து கொடுத்ததும் நான்.”

“எங்கிருந்து?”

பண்ணையைச் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “யார் யார் சாப்பிட்டார்கள்?” என்றார். எங்கள் ஆட்கள் மட்டும் என்றேன். “மிச்சம் இன்னும் எங்காவது இருக்கிறதா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். நோயாளிக்கு நாம் என்ன கொண்டுபோவோம்? கஞ்சி. கஞ்சிக்கு என்ன தொட்டுக்கொள்ளக் கொடுப்போம்? பார்வையாளர் நேரத்துக்குப் பிறகு ரூபனுக்கு ஏன் மோசமாகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி பன்னிரண்டே கால். பார்வையாளர் நேரம் தொடங்கிவிட்டது.

உடனே சூசைக்குப் போன் எடுத்தேன். மூன்று தரம் அடித்த பிறகு எடுத்தார்.

“சூசை, எங்கை நிக்கிறாய்?”

“ஆசுப்பத்திரியிலை அண்ணை. ரூபனுக்குக் கஞ்சி பருக்கிறன்.”

“ஊறுகாய் கொண்டு போனியோ?”

“ஓம், எறியேக்கை ஒரு ஜாம் போத்திலிலை இவனுக்கெண்டு கொஞ்சம் எடுத்து வைச்சனான். நாக்குச் செத்துப்போச்செண்டு கேக்கிறான் பாவம். இப்பத்தான் மூடியைத் திறக்கிறன்.”

“குடுக்காதை! சூசை, குடுக்காதை! மூடு அதை! உன்ரை கையைக் கழுவு! தாதியைக் கூப்பிட்டு அந்தப் போத்திலைக் குடு, நீ தொடாதை!”

கொட்டகையில் வேலை செய்த ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மூடி திருகும் சத்தம் கேட்டது. பிறகு சூசையின் குரல், ஆள் மாறிய குரல்: “மாதாவே... அண்ணை, நேத்தும் முந்தநாளும் நான்தானே கஞ்சியோடை இதைத் தீத்தினனான்.”

தொத்தோரெஸா அதற்குள் பண்ணைக்குப் போன் எடுத்து என்ன மருந்து என்று கேட்டு, ஆஸ்பத்திரிக்குப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பூச்சிகொல்லி மருந்து. எது என்று தெரிந்ததும் வைத்தியர்களுக்கு வழி தெரிந்தது. பின்னேரத்துக்குள் ரூபனுக்கு அதற்குரிய மாற்று மருந்து ஏறத் தொடங்கியது. மற்றப் பத்துப் பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். எல்லாருக்கும் தலையிடி இருந்திருக்கிறது, வேலை போய்விடும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. முகாமைப் பூட்டவில்லை.

அவருடைய அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். என்னைப் பற்றி இரண்டே வரி. கலனைக் கொடுத்தவர் இவர். அதைச் சொன்னவரும் இவர். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் முகாம்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் விரிப்பின் மறுபக்கத்தில் நானும் முழங்காலில் இருந்தேன். இன்றும் அந்தக் கைகளை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. இவ்வளவு படித்த ஒரு மனுசி, யாரோ முன்பின் தெரியாத கூலிக்காரனுக்காக, பத்தொன்பது பை நாற்றத்துக்குள் அப்படிப் பொறுமையாகத் தேடினாரே!

ரூபன் எழுந்து உட்கார ஒன்பது நாள் பிடித்தது. நான் இரண்டு தரம் தோடம்பழத்தோடு போய்ப் பார்த்தேன். இரண்டு தரமும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவன் மெலிந்துபோன கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணை சாப்பிட்டியளோ?” என்று கேட்டான். சொல்ல முடியவில்லை. தொத்தோரெஸாவிடம் சொல்ல வந்த வாய், இவனிடம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்து முகாமுக்குத் திரும்பிய கிழமை, ஒரு ஞாயிறு காலை, கிளிநொச்சியில் இருந்து எனக்குப் போன் வந்தது. ரூபனின் மனைவி. அதற்கு முன் நான் அவரோடு கதைத்ததில்லை.

“அண்ணை, குப்பைக்குள்ளை தேடி எடுத்தது நீங்கள்தானாம். நன்றி சொல்ல எடுத்தனான்” என்றார். பின்னால் அவர்களுடைய பிள்ளை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

இதையும் விழுங்கிவிட்டால் நான் மனிசனே இல்லை என்று பட்டது.

“தங்கச்சி, நன்றி சொல்லாதேங்கோ. அந்தக் கலனைக் கொண்டுவந்து குடுத்ததே நான்தான்.”

அவர் பிள்ளையைப் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

“தெரியும் அண்ணை” என்றார். “சூசையண்ணை இவருக்கு ஆசுப்பத்திரியிலையே சொல்லிப்போட்டாராம். நீங்கள் ரெண்டு தரம் வந்து சொல்ல ஏலாமல் திரும்பிப் போனதையும் இவர் சொன்னவர். அதுதான் நான் எடுத்தனான்.”